வாடகைச் சகலன்

நெளுக்குளத்தில் திறக்கப்பட்ட பொன்னொளி சர்வதேச சுகவிடுதியின் முதலாவது விதி, அங்கே நோயாளி என்று ஒருவரும் இருக்கக்கூடாது என்பது. வருகிறவர் எல்லாரும் விருந்தாளி. ஒப்பரேசனுக்குப் பெயர் 'அனுபவம்'. ஊசி போடுவதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டு முடிந்துவிடும். இதெல்லாம் நான் காற்றுவாக்கில் கேட்ட கதை இல்லை. அங்கே வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் சொந்தச் சகலனுக்குச் சகலனாக இருக்கும் வேலை. அந்த வேலையிலிருந்தும் என்னை நிற்பாட்டிவிட்டார்கள்.

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடது கண் சண்டைக் காலத்தில் போனது. அதைப் பற்றிக் கதைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. மிச்சமிருந்த வலது கண்ணில் வெண்புரை படர்ந்தது. நெடுங்கேணியிலிருந்து பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போனால், வாங்குப் பலகை முழுக்கச் சனம். எனக்குக் கிடைத்த திகதி அடுத்த வருசம் தைப்பொங்கலுக்குப் பிறகு. அதற்குள் காலபோக விதைப்பு வந்து போய்விடும். போன மாதம் வாய்க்காலை வரம்பு என்று நினைத்து லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினை அதற்குள் இறக்கினேன். பொழுதுபட்டால் றோட்டில் நிற்பது மாடா யானையா என்று எனக்குத் தெரியாது. அதுவாகப் பார்த்து விலகினால்தான் உண்டு. மாரிக்கு முன் கண் தெளியாவிட்டால் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆடி மாதம் சுவிசிலிருந்து யோகலிங்கம் வந்து இறங்கினார். என் மனைவி விமலேஸ்வரியின் தங்கை ராஜினியைக் கட்டியவர். அவருக்கும் வெண்புரை. அதுவும் வலது கண்ணில். கடவுள் இரண்டு சகலன்மாருக்கும் ஒரே வருத்தத்தைக் கொடுத்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் சுவிஸ் பாஸ்போட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். 'கண்ணுக்கு ஒரு நாள், களிப்புக்கு ஒரு மாதம்' என்று பொன்னொளி விளம்பரம் போட்டிருந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் எண்ணெய்க் குளியல், கோயில் தரிசனம், ஒடியற்கூழ் எல்லாம் அடக்கம். ராஜினிக்கு லீவு கிடைக்காததால் மனுசன் தனியாகத்தான் வந்தார்.

"குடுத்து வைச்ச மனுசன்," என்றாள் விமலேஸ்வரி. சொல்லும்போது என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும்?

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கணக்குப் பாடத்தில் என் கொப்பியைப் பார்த்து எழுதிய ஆள் இவர். இப்போது இவருடைய சூட்கேசை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன்.

பொன்னொளி வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, மேளம், நாதஸ்வரம். சேலை கட்டிய பிள்ளைகள் இரண்டு பேர் ஆலாத்தி எடுத்தார்கள். கலியாணத்தன்றுகூட யோகலிங்கத்துக்கு இவ்வளவு செய்யவில்லை. எனக்குத் தெரியும், நானும் அதே பந்தலில்தான் நின்றேன். அவர் மாலையோடு உள்ளே போன பிறகு, விருந்தாளித் திருப்திப் பொறுப்பதிகாரி என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்த பிரஷாந்தினி என்ற பிள்ளையிடம் மெல்லக் கேட்டேன்.

"பிள்ளை, எனக்கும் இதே கண் வருத்தம்தான்..."

"ஐயா எந்த நாடு?"

"நெடுங்கேணி."

அந்தப் பிள்ளை கம்பியூட்டரில் மேலும் கீழும் தேடிப் பார்த்தது. "அந்த நாடு இதில வரேல்லை ஐயா," என்றது. உண்மையாகவே கவலைப்பட்டது, பாவம்.

பிறகு தலைமை மூலோபாய அதிகாரி லக்ஷன் வந்தார். வவுனியா வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிற்க ஒரு துணிவு வேண்டும். என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விளங்கப்படுத்தினார்.

"ஐயா, உள்ளூர் ஆக்களில எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா அவையில ஒரு குறை. அவை உண்மையான வருத்தத்தோட வருவினம். வருத்தக்காரர் நடமாடினால் விடுதியின்ர தரம் இறங்கிப்போம். எங்கட விருந்தாளிகள் சுகமான ஆக்களுக்கு நடுவில இருக்கத்தான் விரும்பினம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரர் வரக்கூடாதோ தம்பி?"

"ஐயோ, ஆஸ்பத்திரி எண்டு சொல்லாதேங்கோ. சனம் பயந்துபோம்."

அன்று பின்னேரம் ஒப்பரேசன் செய்ய வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நான் போகிற அரசாங்கக் கிளினிக்கின் அதே கண் டொக்டர். அங்கே சனக்கூட்டத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத மனுசன், இங்கே யோகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சுவிசில் குளிர் எப்படி என்று விசாரித்தார். நான் சூட்கேசின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒப்பரேசன் செய்து படுத்தால் ஊர் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது. பால்மா அடைத்த தகர ரின் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைக்க வேண்டும். ஒருவருடைய மதிப்பு என்ன என்பது அவருடைய கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே வயிற்றெரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விமலேஸ்வரியும் நானும் ஒரு ரின் வாங்கிக்கொண்டு, ஊர்ச்சனத்தோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனோம். வாசலில் காவலாளி மறித்தார்.

"ஆரைப் பாக்க?"

"ஒப்பரேசன் செய்த ஆளை."

"உள்ள வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லை. வருத்தக்காரர் இல்லாட்டி வருத்தம் பாக்க வரேலாதுதானே. மா ரின்னை உள்ள விடவே கூடாதெண்டு சொல்லிக்கிடக்கு. ரின்னைக் கண்டால் விருந்தாளிகளுக்கு வருத்த நினைப்பு வந்திடுமாம்."

விமலேஸ்வரிக்குக் கோபம் வந்து ஏதோ சொல்லக் கையை ஓங்க, ரின் நழுவிப் படலைத் தூணில் மோதி ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. திரும்பி வந்தோம். ரின்னை நாங்கள் திறக்கவில்லை. அந்த ரின் குடிப்பதற்கு வாங்குவதா என்ன? அந்தக் கிழமையே பக்கத்து வளவுச் சங்கிலியின் மருமகள் நிசாந்தினிக்குப் பிள்ளை பிறந்தது. நெளிவைச் சுவர்ப்பக்கம் திருப்பி அங்கே வைத்துவிட்டு வந்தோம்.

பொன்னொளியில் ஒவ்வொரு அறையிலும் கட்டில் தலைமாட்டில் மூன்று பொத்தான்கள். சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம். விருந்தாளி காலையும் மாலையும் ஒன்றை அமத்த வேண்டும். யோகலிங்கம் அழுத முகத்தை அமத்தினார். உடனே மெத்தையை மாற்றினார்கள். மறுபடியும் அழுத முகம். கூழுக்குள் நண்டைக் கூட்டினார்கள். அழுத முகம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வயலின் வாசிக்க ஓர் ஆளை விட்டார்கள். யோகலிங்கம் அழுத முகத்தில் வைத்த விரலை எடுக்கவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். லக்ஷன் பயந்துபோய் எனக்கு ரெலிபோன் எடுத்து, வரச் சொன்னார்.

"சகலன்," என்றார் யோகலிங்கம், என் கையைப் பிடித்துக்கொண்டு. "இஞ்ச எல்லாம் இருக்கு. ஆனா ஒப்பரேசன் செய்து கிடக்கிற மனுசனை ஊரில ஒரு சனம் எட்டிப் பாக்க வேண்டாமோ? கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாரும். ஒரு ரின் கிடக்கோ? சுவிசிலதான் ஒருத்தரும் வராயினம் எண்டு இஞ்ச வந்தால், இஞ்சயும் இப்பிடி."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. வெளியே வந்து காரணத்தைச் சொன்னேன். லக்ஷன் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. அதன் பெயர் 'உறவினர் அனுபவம்'.

வெள்ளித் திட்டத்தில் இரண்டு உறவினர் வருவார்கள். பொன் திட்டத்தில் ஒரு குடும்பம் வரும். அதில் ஒருவர் கண்கலங்குவார். வைரத் திட்டத்தில் ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சனம். இதற்கு வேண்டிய ஆட்களை எங்கே பிடிப்பது என்பதிலும் லக்ஷனுக்கு ஒரு தெளிவு இருந்தது. எங்களுக்கு நடத்திய கூட்டத்தில் அதைச் சொன்னார்.

"நாங்கள் ஆய்வு செய்து பாத்தனாங்கள். நல்லாப் பெருமூச்சு விடுறது ஆரெண்டால், அரசாங்கக் கிளினிக் வாங்கில காத்துக்கொண்டிருக்கிற ஆக்கள். அதைக் காசு குடுத்துப் பழக்கேலாது. காத்திருக்கிற நோயாளிகள்தான் இந்த மாவட்டத்தின்ர பெரிய வளம். இவ்வளவு நாளும் அந்த வளத்தை ஒருத்தரும் பாவிக்கேல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். வளமும் சேர்ந்து தட்டியது. கண் கிளினிக் வாங்கை அப்படியே தூக்கி வந்துவிட்டார்கள். "கிளினிக்குக்குப் போனாலும் உக்காந்துதாங்க இருக்கணும்," என்றார் சங்கிலி, அவருக்கும் கண் வருத்தம்தான். "இங்க ஏசியில உக்காரலாம். சோத்துப் பார்சலும் குடுக்கிறாங்க."

நான் சம்பளம் வேண்டாம் என்றேன். என் கண்ணைச் செய்து தாருங்கள் என்றேன். யோகலிங்கம் ஒரு கிழமை தொடர்ந்து சிரித்த முகத்தை அமத்தினால், பணியாளர் நலன் என்று போட்டு என் கண்ணைச் செய்து தருவதாக லக்ஷன் கைகொடுத்தார். ஆக, என் கண் என் சகலனின் விரல் நுனிக்குப் போய்விட்டது.

வருத்தம் பார்ப்பது எப்படி என்று எங்களுக்குப் படிப்பிக்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நின்று நாக்கால் 'ச்சு' கொட்ட வேண்டும். 'சரியா மெலிஞ்சு போனியள்' என்று சொல்ல வேண்டும். ரின்னைக் கீழே வைக்கும்போது சத்தம் கேட்க வேண்டும். போகும்போது அதே ரின்னை எடுத்துவந்து வாசலில் ஒப்படைக்க வேண்டும், அது நிறுவனத்தின் சொத்து. மற்றவர்களுக்கு நடந்த கெட்ட கதைகளைச் சொல்லவே கூடாது. முதல் நாளே வீரம்மா, சங்கிலியின் மனைவி, இந்த விதியை மறந்துபோய், நோர்வேயிலிருந்து முழங்கால் செய்ய வந்த ஒருவரிடம், "எங்க மாமாவுக்கும் இதே முழங்கால்தாங்க. நல்லாத்தான் இருந்தாரு. மறுவாரமே போயிட்டாரு," என்று சொல்லிவிட்டார். அந்த விருந்தாளி வீரம்மாவின் கையைப் பிடித்து விம்மி அழுதார். பிறகு சிரித்த முகத்தைத் திரும்பத் திரும்ப அமத்தினார். ஊரில் இருப்பது போலவே இருக்கிறதாம். அடுத்த நாளிலிருந்து கெட்ட கதை வைரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

என்னை யோகலிங்கத்தின் அறைக்குச் சகலனாகப் போட்டார்கள். வாசலில் நின்று 'ச்சு' கொட்டினேன். எண்ணெய்க் குளியலில் மனுசனின் முகம் பலாச்சுளை போல மினுங்கியது. பக்கத்தில் வெட்டிய பழம், கையில் ஏசி றிமோட். 'மெலிஞ்சு போனியள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வயிறு கொஞ்சம் வைச்சிட்டுது என்ன?" என்று வந்துவிட்டது. அழுத முகம்.

"ஐயா, உங்கட குரலில பாசம் காணாதாம்," என்றது பிரஷாந்தினி. "கமராவிலயும் பாத்தனாங்கள். நீங்கள் விருந்தாளியைப் பாத்ததை விடப் பழத்தட்டைப் பாத்ததுதான் கனநேரம்."

"பிள்ளை, நான் அவற்ற உண்மையான சகலன்!"

"அதுதான் ஐயா பிரச்சினை. உண்மையான ஆக்களுக்குப் பயிற்சி ஏறுதில்லை."

என் இடத்துக்குச் சங்கிலியைப் போட்டார்கள். அதோடு விட்டார்களா? சகலன்மாருக்குள் இருந்த பழைய கதைகளைச் சங்கிலிக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே இருத்தினார்கள். குளத்தில் இருவரும் மீன் பிடிக்கப் போய் வள்ளம் கவிழ்ந்தது, பெண் பார்க்கப் போன அன்று அவர் என் சேட்டைப் போட்டுக்கொண்டு போனது, எல்லாம். நான் சொல்லச் சொல்லச் சங்கிலி தலையாட்டினார். பிறகு உள்ளே போய், "சகலன், அன்னைக்கு வள்ளம் கவுந்துச்சே, நெனப்பிருக்கா?" என்று தொடங்கினார். யோகலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் நான் நிறுவனத்தின் ரின்னோடு நின்று கேட்டேன். என் வள்ளம். என் சேட்டு. என் சகலன். என்னுடன் அந்தக் கதையைச் சொல்லி அந்த மனுசன் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. சுவிஸ் பாஸ்போட்டைப் பார்த்து எரிந்ததைவிட அன்று கூட எரிந்தது.

"சங்கிலியண்ணை எவ்வளவு அன்பாக் கதைக்கிறார் எண்டு புருசன் சொன்னதை ராஜினி ரெலிபோனில சொல்லிச் சொல்லி அழுகிறாள்," என்றாள் விமலேஸ்வரி அன்றிரவு. நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன்.

சிரித்த முகம் ஆறு நாள் தொடர்ந்தது. ஏழாம் நாள் காலை யோகலிங்கத்தின் கண் சிவந்து நீர் வடிந்தது. டொக்டர் வந்து பார்த்து, தூசி பட்டிருக்கிறது, துளி மருந்து விட்டால் சரி என்றார். யோகலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

"தூசி இல்லை. வாசல்ல நிண்டு சகலன் பாத்த பார்வை. கண்ணூறு."

லக்ஷன் உடனே கூட்டம் போட்டார். "மருத்துவத்தில கண்ணூறு எண்டு ஒண்டில்லை," என்றார். "ஆனா விருந்தாளி இருக்கெண்டால் எங்கட நிறுவனத்தில அது இருக்கு." அரை மணித்தியாலத்தில் செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பிலையும் வந்தன. யோகலிங்கத்தின் தலையைச் சுற்றி, ஏசி பூட்டிய அந்த அறைக்குள்ளேயே நெருப்பில் போட்டார்கள். மிளகாய்ப் புகை குழாய் வழியாக எல்லா அறைக்கும் போனது. நெருப்பு மணி அடித்தது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. கனடா, நோர்வே, லண்டன் எல்லாம் துவாயோடு இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தன. வாசலில் ஆட்களைக் கண்டால் வாசிக்க வேண்டும் என்பது மேளக்காரருக்கு உத்தரவு. அவர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளை ஆலாத்தித் தட்டோடு ஓடி வந்தது.

லக்ஷன் நனைந்த கோட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஐயாவுக்குப் பாதிக் கண்தான் தெரியும். பாதிக் கண்ணுக்கே இவ்வளவு சேதம். முழுக்கண்ணும் தெரிஞ்சால் கட்டடமே மிஞ்சாது. உங்கட கண்ணைச் செய்யிறது நிறுவனத்தின்ர நலனுக்கு நல்லதில்லை. நீங்கள் வேலையால நிக்கலாம்."

நிறுவனத்தின் ரின்னை வாசலில் ஒப்படைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். வயலைக் குத்தகைக்குக் கேட்டு வந்த ஆளுக்கு, ஞாயிற்றுக்கிழமை வாரும் என்று விமலேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எழும்பி மறுக்கவும் மனம் வரவில்லை. வியாழக்கிழமை கண் கிளினிக் நாள். தைப்பொங்கல் திகதியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளச் சொல்லிக் காலில் விழுந்தாவது பார்ப்போம் என்று பஸ் ஏறினேன்.

கிளினிக் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. பிழையான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று தடவிப் பார்த்தேன்.

"ஐயா மட்டுமோ?" என்றார் நேர்ஸ் கௌசலா. "கண் தெரியாத சனமெல்லாம் எங்க போட்டுதுகள்? ரெண்டு கிழமையா ஒருத்தரையும் காணேல்லை. டொக்டர் அங்க பேப்பர் வாசிச்சுக்கொண்டிருக்கிறார்."

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக. "நாளைக்கே செய்வம்," என்றார்.

செய்தார்கள். இருக்கிற ஒரு கண்ணையும் கட்டிவிட்டதால் அன்று பின்னேரம் எனக்கு உலகம் முழுக்கச் சத்தம்தான். அஞ்சு மணிக்குக் கதவு திறந்ததும் ஊர் வந்தது. பொன்னொளியில் வேலை முடித்து நேரே வந்திருந்தார்கள். ஒருவரும் வாசலில் நின்று 'ச்சு' கொட்டவில்லை. "அப்புத்துரையர், என்ன இப்பிடிக் கறுத்துப் போனியள்" என்று யாரோ உண்மையாகவே திட்டினார்கள். வீரம்மா தன் மாமா கண் ஒப்பரேசனிலும் செத்ததாகச் சொன்னார். சங்கிலி என் காலைப் பிடித்துவிட்டபடி கனநேரம் இருந்தார். கட்டிலுக்குக் கீழே ரின் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எண்ணவில்லை, விமலேஸ்வரி எண்ணினாள்.

திடீரென்று கௌசலாவின் குரல் எழும்பியது.

"இந்தாங்கோ! நீங்கள் எல்லாரும் என்ர கிளினிக் ஆக்கள் எல்லோ? அங்க ஆற்றையோ கண்ணைப் பாத்துக்கொண்டிருக்கிறியள், உங்கட கண்ணை ஆர் பாக்கிறது? நில்லுங்கோ, ஒருத்தரும் அசையக்கூடாது. சங்கிலி, உமக்குத் திங்கள். வீரம்மா, செவ்வாய்."

அதோடு பொன்னொளியின் வளம் முழுவதும் வாங்குக்குத் திரும்பிவிட்டது.

அடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். கூரை ஓட்டில் ஒட்டடை தெரிந்தது. விமலேஸ்வரியின் தலையில் நரை தெரிந்தது. குத்தகைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று என்னை இன்னும் சில நாள் மறித்து வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் யோகலிங்கம் வந்தார். கறுப்புக் கண்ணாடி, பட்டு வேட்டி. பொன்னொளிச் சாரதி பின்னால் குடை பிடித்தான். என்னைச் சுகம் விசாரிக்கும்போதே அவருடைய கண் கட்டிலுக்குக் கீழே போனது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவ்வளவும் உமக்கு வந்ததோ?"

"ஓம்."

"திருப்பிக் குடுக்கத் தேவையில்லையோ?"

"ஏன் குடுக்க வேணும்?"

அவர் எச்சில் விழுங்கினார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருசம் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"சனிக்கிழமை தொடக்கம் ஒருத்தரும் வரேல்லை சகலன்," என்றார் மெதுவாக. "சங்கிலிக்கும் கிளினிக்காம். வெள்ளிக்கிழமை எனக்குப் பிளேன். அங்க போனால் ராஜினி கேப்பாள், உங்களைப் பாக்க ஆர் ஆர் வந்தது, என்ன தந்தது எண்டு. ஒரு ரின்னைத் தாருமன். நீர் கொண்டுவந்து தந்ததெண்டு சொல்லுறன்."

நான் குனியக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். விமலேஸ்வரி ரின்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து வைத்தாள். எல்லாம் புது ரின்கள், எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆகக் கடைசியில், சுவர்ப்பக்கம் முகம் திருப்பி இருந்தது சங்கிலி கொண்டுவந்தது. அவள் அதைத் திருப்பினாள். படலைத் தூணில் பட்ட நெளிவு. நிசாந்தினியிடம் போய், இன்னும் எங்கெங்கே போய் வந்ததோ, இன்னும் திறபடாமல் இருந்தது. விமலேஸ்வரி என்னைப் பார்த்தாள். நல்லதைக் குடுங்கோ என்று அவளுடைய பார்வை சொன்னது.

"அதைக் குடும்," என்றேன்.

"நெளிஞ்சதையோ?"

"ஓம். அது அவருக்கெண்டு வாங்கினதுதானே."

யோகலிங்கம் நெளிவைப் பார்க்கவேயில்லை. ரின்னை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சாரதி தூக்கி வரக் கை நீட்டினான், கொடுக்கவில்லை. வார்ட்டில் படுத்திருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நான் யன்னலால் பார்த்தேன். முற்றம், குடை, கார், அவருடைய கையில் ரின், எல்லாம் துப்புரவாகத் தெரிந்தது. தூரத்தில் வைத்துப் பார்க்க அந்த நெளிவு அவ்வளவு பெரிதில்லை. நல்ல ரின்தான். அதையும் கொடுத்திருக்கத் தேவையில்லை என்று பட்டது.